மெருகுக்கு அடியில் ஒரு மின்னல்

சுழலும் வட்டின் மேல் ஒரு கருப்பு வில்லையை மூன்று விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தாள். வட்டில் ஈரத்துணி, துணியில் வைரத்தூள் கலந்த பசை. வில்லை கேரம் காயைவிடச் சற்றுப் பெரியது. பத்து எண்ணும்வரை ஒரு பக்கம் தேய்த்து, கால்வட்டம் திருப்பி, இன்னொரு பத்து எண்ணினாள். பிறகு எடுத்துக் கழுவி, ஊதி, சன்னல் பக்கம் சாய்த்தாள். சன்னல் கம்பி நாலும் வில்லையில் நேர்நேராகத் தெரிந்தன. "ம்" என்றாள். அவள் தன்னையே பாராட்டிக்கொள்வது அந்த ஒரு எழுத்தோடு சரி.

கூடத்தில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். பத்து வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு தேய்த்தவள். கடை மூடியதும், தேய்க்கிற கை சும்மா இருக்கக் கூடாதென்று இந்தச் சோதனைக் கூடத்துக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. அவள் மெருகேற்றிய வில்லையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று அறுப்புக்காரர் சொல்வார். அவருக்குத் தலையில் சீவ ஒன்றுமில்லை, அது வேறு விஷயம்.

விமானத்தின் உடம்புக்கு ஆகிற பொருள்களைச் சோதிக்கும் கூடம் அது. இப்போதைய இறக்கைகள் பெரும்பாலும் உலோகம் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய கரியிழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் இறுக்கிய பலகைகள்தான். ஒரு பலகைக்கு இருபத்துநாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் இரண்டு தாள் கனம். இந்தப் பலகைமேல் பின்கட்டில் இருக்கிற பெரிய இயந்திரத்தால் செயற்கை மின்னலை இறக்குவார்கள். இறங்கின இடத்தில் ஒரு காசளவு கருகியிருக்கும். அந்தக் கருகலை ஒட்டி அறுப்புக்காரர் ஒரு துண்டு அறுத்துத் தருவார். கண்ணாடியக்கா அதைப் பிசினில் நட்டு வில்லையாக்கி, உப்புத்தாளில் தேய்த்து, துணியில் மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் படம் எடுப்பாள். பலகையின் வயிற்றைத் திறந்து, மின்னல் உள்ளே என்ன செய்தது என்று பார்க்கிற வேலை.

மின்னல் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை அடுத்த அறையில் நடந்தது. அங்கே இருந்தவருக்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. வெளியில் இடி இடித்தால் முதலில் சன்னலைச் சாத்துகிற ஆள். ஆனால் அவருடைய கம்ப்யூட்டருக்குள் நாலு வருடமாக மின்னல் விழுந்துகொண்டே இருந்தது.

"ஜோசியரே, என் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?" என்று அறுப்புக்காரர் சீண்டுவார்.

"மாப்பிள்ளை எத்தனை அடுக்குன்னு சொல்லுங்க, போட்டுப் பாத்துடலாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் கையில் இருந்தது ஆறாவது பலகையின் வில்லை. ஜோசியர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவள் வில்லையை மைக்ராஸ்கோப்பில் வைத்து, மெதுவாக நகர்த்தி, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்து முடித்தாள்.

"கருகல் இருக்கு. அதுக்குக் கீழ அடுக்கு பிரிஞ்சிருக்கு. அதைத் தாண்டி ஒண்ணுமில்ல, தம்பி. பளிச்சுனு இருக்கு."

"ஒண்ணுமேவா, அக்கா?"

"இருந்தா ஒளிச்சா வெப்பேன்?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். அவருடைய கணக்கு ஆறு பலகைக்கும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தது: கருகின காசளவுக்கு வெளியே, நல்ல பெயிண்டுக்கு அடியில், மூடின உதடு மாதிரி மெல்லிய விரிசல்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஓடியிருக்கும். பலகை சும்மா கிடக்கும்போது அவை தெரியாது. விமானம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இறக்கை வளைந்து நிமிரும். அடி மேல் அடி விழ, உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஆறு தடவையும் அவர் அப்படிச் சொன்னார். ஒலி அனுப்பிச் சோதிக்கிற கருவி ஆறு தடவையும் இல்லை என்றது. விரிசலின் இரண்டு முகமும் ஒட்டியிருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போய்விடும் என்று அவர் வாதாடினார். கடைசிச் சாட்சி கண்ணாடியக்காவின் படம்தான். அதுவும் ஆறு தடவை இல்லை என்றது.

ஏழாவது பலகை ஒன்றுதான் மிச்சம். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூடத் தலைவர் முடிவு சொல்வதாக இருந்தார். ஏழாவதிலும் ஒன்றுமில்லை என்றால் ஜோசியருடைய கணக்கை மூட்டை கட்டிவிட்டு அவரை வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வேற வேலைக்குப் போட்டா போடட்டும். செத்தா போயிடுவேன்?" என்றார் ஜோசியர். "ஆனா அந்த விரிசல் நெசமா இருந்தா, அக்கா? வெளியில தெரியற கருகல் அளவுக்குத்தான் ஒட்டுப்போடச் சொல்லி விதி இருக்கு. ஒட்டுக்கு வெளியில இருக்கறதோட விமானம் பறந்துக்கிட்டுதான் இருக்கும்."

அவள் கையைத் துடைத்தாள். "நீங்க சொல்ற விரிசலை ஒரு தடவை எனக்குக் காட்டுங்க. ஆறு தடவை தேடிட்டேன். என்னத்தைத் தேடறேன்னு பாத்ததில்ல."

அவருடைய அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பலகையை அவர் நாற்பது லட்சம் சின்னக் கட்டங்களாக உடைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு சூடானது, எவ்வளவு இழுபட்டது என்று கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும். பலகைமேல் மின்னல் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் செய்து முடித்துப் போய்விட்ட காரியத்துக்குப் பின்னாலேயே ஓட, அந்தக் கம்ப்யூட்டருக்குப் பதினொரு நாள் பிடித்தது.

அவர் அதை மெதுவாக ஓடவிட்டார். திரையில் பலகை பக்கவாட்டில் தெரிந்தது. ஒரு வெள்ளைப் பொட்டு மேலே தொட்டது. தொட்ட இடத்தில் மின்சாரம் கீழே இறங்கவில்லை. தண்ணீர் வாய்க்கால் பார்த்துப் போகிற மாதிரி, இழைகள் எந்தப் பக்கம் கிடந்தனவோ அந்தப் பக்கமாகப் படர்ந்தது. முதல் அடுக்கில் ஒரு திசை, இரண்டாவதில் வேறு திசை. பிசின் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் அடுக்குகளை உந்தியது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு கருங்கோடு பிறந்து, ஓடி, நின்றது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சின்னதாக ஒன்று. எல்லாம் ஆறினதும் கோடுகள் வாயை மூடிக்கொண்டன. பலகை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

பதினேழு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் எல்லாம் முடிந்தபின் கிடந்த துண்டுகளைத்தான். அது நடந்ததை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. இந்த ஒல்லி மனிதர் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.

மூன்று தடவை பார்த்தாள். எழுந்து போகும்போது, "படம் அழகாத்தான் இருக்கு. உண்மையான்னுதான் தெரியல" என்றாள்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

புதன்கிழமை ஏழாவது பலகையை அறுத்துத் தந்தார் அறுப்புக்காரர். அவள் ஒரே துண்டை இரண்டாக்கி, இரண்டு வில்லையாகப் பிசினில் நட்டு, இறுகட்டும் என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு வில்லை போடுவது அவள் வழக்கம். ஒன்று கை தவறினால் இன்னொன்று.

வீட்டில் மாமனார் படுக்கையில் இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. படுத்த படுக்கையில் வலது குதிகால் புண்ணாகி, அதோடு ஐந்து மாதமாக அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட, பகலில் அவள் கணவனும் சாயங்காலத்துக்கு மேல் அவளும் என்று ஏற்பாடு. மூன்று வாரமாகப் புண் மூடிவிட்டது. மேல்தோல் ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது. வாரம் ஒருமுறை வருகிற நர்ஸிடம் அன்றைக்கு அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே காட்டினாள்.

நர்ஸ் பாராட்டவில்லை. கட்டைவிரலை ஓரத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு நடுவில் அழுத்தினாள். மாமனார் பல்லைக் கடித்தார்.

"மிதிக்கறதா இருந்தா சொல்லிட்டு மிதி, தாயி. முப்பது வருஷம் பிரேக் மிதிச்ச காலு."

"உள்ள பொதபொதன்னு இருக்கு, அக்கா" என்றாள் நர்ஸ். "மேல் தோல் அவசரப்பட்டு மூடிக்கிச்சு. அடியில பை மாதிரி சேந்திருக்கு. புண்ணு அடியிலருந்து மேல மூடிக்கிட்டு வரணும். என்ன தடவினீங்க?"

"நீங்க குடுத்த களிம்புதான். ரெண்டு வேளை."

"ரெண்டு வேளையா? நான் ஒரு வேளைதானே சொன்னேன்."

"சீக்கிரம் ஆறட்டுமேன்னு."

"நல்லா மூடிட்டீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். மூடியதைத் திறந்து, கழுவி, உள்ளே துணித்திரி வைத்துக் கட்ட அரைமணி நேரம் ஆனது. கண்ணாடியக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டாள். முக்கால் விரல் என்றாள் நர்ஸ்.

"மருமவ கைபட்டா எல்லாம் பளபளன்னு ஆயிடும்" என்றார் மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டு. "என் குதிகாலும் ஆச்சு."

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் ஏழாவது பலகையின் முதல் வில்லையை உப்புத்தாளில் வைத்தாள். முரட்டுத் தாள், அதைவிட நைசான தாள், அதற்கும் நைசானது. நாலாவது தாள் முடிந்தால் துணிக்கும் பசைக்கும் போக வேண்டும். அந்தக் கூடத்தில் யாரும் நாலாவது தாளில் வில்லையை மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கீறல் மயமாக இருக்கும். அரை வேக்காட்டை யாராவது பரிமாறுவார்களா என்பது அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற பேச்சு.

துணிமேல் வைக்கப் போன கை நின்றது. முந்தின நாள் நர்ஸின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. துணி என்ன செய்கிறது என்று யோசித்தாள். கீறலை எடுக்கிறது. எப்படி எடுக்கிறது? உலோகமாக இருந்தால் அரைத்து எடுக்கும். பிசின் உலோகம் இல்லையே. பிசின் மிருதுவானது, மெழுகு மாதிரி இழுபடும். அழுத்தித் தேய்த்தால் பக்கத்தில் இருக்கிற பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அகலமான பள்ளத்தை அது நிரப்ப முடியாது, அதனால் கருகலுக்கு அடியில் பிரிந்த அடுக்குகள் படத்தில் தெரிந்தன. முடியைவிட மெல்லிய பள்ளமாக இருந்தால்?

அவள் வில்லையை அப்படியே எடுத்துக் கழுவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

கீறல்கள் எல்லாம் மழைச்சாரல் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்குக் குறுக்கே, எந்தத் தாளும் கீற முடியாத வாக்கில், கருப்பாக ஒரு கோடு போனது. நகர்த்தினாள். கோடும் கூடவே வந்தது. கருகலைத் தாண்டியது, நல்ல பெயிண்டுக்கு அடியில் போனது, போய்க்கொண்டே இருந்தது.

அவள் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு வேலையைப் பார்த்தாள். இரண்டாவது வில்லையையும் நாலாவது தாள்வரை தேய்த்தாள். அதிலும் கோடு இருந்தது. இரண்டையும் படம் எடுத்தாள். இரண்டாவதை மட்டும் வழக்கம்போலத் துணியில் வைத்து, வழக்கமான அழுத்தத்தில், வழக்கமான நேரம் மெருகேற்றினாள். சன்னல் கம்பி நாலும் நேர்நேராகத் தெரிந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கோடு இல்லை. பளிச்சென்று இருந்தது.

முதல் வில்லையை அதிர்வுத் தொட்டியில் போட்டு உள்ளே அடைந்த தூளை உதிரவிட்டாள். காயவைத்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, துடைத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற சின்னப் பிடிசிராவியில் வைத்துக் கைப்பிடியைக் கால்திருகு திருகினாள், இறக்கை வளைகிற மாதிரி. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் சிவப்பு எழும்பியது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொரு சிவப்புக் கோடு.

"ஜோசியரே" என்று கூப்பிட்டாள்.

அவர் வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அவள் போய் ஏழாவது பலகைக்கு அவர் போட்டிருந்த கணக்குப் படத்தை அதே அளவில் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து வந்து, தான் எடுத்த படத்தின்மேல் வைத்தாள். இரண்டு சிவப்புக் கோட்டின்மேலும் அவருடைய கோடு உட்கார்ந்தது. எங்கே தொடங்கியது, எங்கே வளைந்தது, எங்கே நின்றது, எல்லாம் ஒரு மயிரிழை இப்படி அப்படி. ஏழாவது பலகையை அவர் கையால்கூடத் தொட்டதில்லை. இருட்டுக்குள், இரண்டு தாள் கனத்துக்கு நடுவில், கண் சிமிட்டுகிற நேரத்தில் ஓடி மறைந்த ஒன்றின் காலடியை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். அவளுக்கு ஒருகணம் அந்த ஆளை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"இது இருந்துச்சு, அக்கா" என்றார் அவர்.

"ஆறுலயும் இருந்திருக்கும். நான்தான் மூடி மூடிக் குடுத்திருக்கேன்." அவள் இரண்டாவது வில்லையை அவர் முன்னால் வைத்தாள். "பாருங்க. என் கண்ணாடி."

அவர் அதையும் பார்த்தார். "இதை எப்படித் தலைவர்கிட்டச் சொல்லப் போறீங்க?" என்றார்.

"வாயாலதான்."

சொல்லிவிட்டாளே தவிர, மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. சோதனைக் கூடத்தில் ஒருவருடைய கைக்கு ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் அந்தக் கை தொட்டதெல்லாம் சந்தேகம்தான். பதினேழு வருடம். ஏழாவதில் மட்டும் முறையை மாற்றிப் பார்த்தேன், கிடைத்தது என்று சொல்லிவிட்டு, பழைய ஆறைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஜோசியர் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஆறு பலகை சுத்தம், ஒன்றில்தான் விரிசல் என்றால், அது ஒரு பலகையின் கோளாறு என்று எழுதிவிட்டு விதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். நாலு வரிதான்.

மூன்று மணி. கூடத் தலைவர் குறைவாகப் பேசுகிறவர். வயிற்று மாத்திரை ஒன்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே படங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார்.

"ஆறுல ஒண்ணுமில்ல. ஏழாவதுல மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஆறுலயும் இருக்கும் சார். நான் மெருகு போட்டு மூடிட்டேன்."

"மூடிட்டேன்னா?"

அவள் இரண்டு வில்லையையும் மேசைமேல் வைத்து, ஒன்று முன்பு, ஒன்று பின்பு என்று காட்டினாள். பிசின் இழுபடுவதைச் சொன்னாள்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"கரிப்பலகை வந்ததுலருந்து. நாலு வருஷம். உலோகத்துக்கு என் மெருகு சரிதான். அதுல கை வெக்காதீங்க."

தலைவரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எழுதிக் குடுக்க முடியுமா?"

அவள் தாளை நீட்டினாள். அவர் நாலு வரியையும் இரண்டு தடவை படித்தார். அறுப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு சார்" என்றாள் அவள். "இவரு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு விரிசல் போட்டிருக்காரு. அது இல்ல. நல்லாத் தேடிட்டேன், சாயம் போட்டும் பாத்துட்டேன்."

ஜோசியர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

"காப்பாத்தறீங்கன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"இருக்கறது இருக்கு, இல்லாதது இல்ல. நீங்க என்ன, எனக்குப் பங்காளியா?"

தலைவர் மாத்திரையை விழுங்கினார். "ஜோசியரே" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இது எத்தனையாவது பறப்புல விட்டுடும்?"

"நாப்பத்தோராயிரம். முன்னப்பின்ன ரெண்டாயிரம்."

"விதி எவ்வளவு தாங்கும்னு சொல்லுது?"

"அறுபதாயிரம்."

தலைவர் தொலைபேசியை எடுத்துப் பழுதுபார்ப்பு விதிகளை எழுதுகிற பிரிவைக் கூப்பிட்டார். மின்னல் பட்ட இடத்துக்கு ஒட்டுப்போடுகிற அளவை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "கருகல் காசளவு. உள்ள உள்ளங்கை அளவு" என்றார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியக்காவைப் பார்த்தார். "பழைய ஆறையும் மறுபடி பாக்கணும்."

"பாத்துடலாம் சார்."

"நீங்களேதான் பாக்கணும்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அப்புறம் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆறிப்போனதைச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மாமனாரின் குதிகாலில் இருந்த திரியை எடுத்து, கழுவி, ஆழத்தைக் குச்சியால் அளந்து, நாள்காட்டியில் குறித்தாள். புதுத் திரி வைத்தாள். களிம்பு ஒரு வேளை.

"இன்னைக்கு என்னைப் பளபளன்னு ஆக்கலியா?" என்றார் அவர்.

"இல்ல மாமா. மெதுவா ஆகட்டும்."

எட்டரைக்குக் கூடத்தில் இழுப்பறையைத் திறந்து பழைய ஆறு பலகைக்கும் ஒவ்வொரு வில்லையாக எடுத்து வரிசையாக வைத்தாள். ஆறிலும் சன்னல் தெரிந்தது. ஒன்றாம் எண்ணை எடுத்து, முரட்டு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டில் ஒட்டி, விசையைத் தட்டி, பளபளப்பான முகத்தைக் கீழே வைத்து அழுத்தினாள். பத்து எண்ணி எடுத்தபோது சன்னல் போய், முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கால்வட்டம் திருப்பினாள். நாலாவது தாளில் நிறுத்தி, கழுவி, சாயம் விட்டுத் துடைத்து, கோடு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் தொடங்குவதைப் பார்த்து, பதிவேட்டில் பழைய தேதிக்குப் பக்கத்தில் புதுத் தேதியை எழுதினாள். இரண்டாம் எண்ணைக் கையில் எடுத்தாள்.